பிதுக்கம்பருப்பு குழம்பும் சுடச்சுட களியும்... ஓசூர் பனிக்கு வீடே கூடிச் சமைக்கும் விருந்து!

மார்கழி, தை மாதங்களில் அதிகாலை ஐந்தரை மணிக்கு ஓசூர் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் முதலில் தேடுவது டீக்கடையைத்தான். எதிரில் நிற்கும் பஸ்ஸின் ஊர்ப் பலகைகூடத் தெரியாத அளவுக்குப் பனி. சிப்காட் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா என மூடிக்கொண்டு காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். இரவு ஷிப்ட் முடித்து, கண் சிவந்து வீடு திரும்புகிறவர்கள் இன்னொரு பக்கம்.

அதே நேரத்தில் சந்தைப் பக்கம் போனால் வேறொரு வாசனை மூக்கைத் துளைக்கும். பனி ஈரம் காயாத அவரைக்காய் மூட்டைகளின் வாசனை அது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பொங்கல் குழம்புக்கு ஒரு பிடி மொச்சை வாங்குவதோடு முடிந்துவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அப்படியில்லை. அவரைக்காய் வரத்து தொடங்கிவிட்டால், இரண்டு மாதத்துக்கு வீட்டுச் சமையலின் திசையே மாறிவிடும். வீட்டில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வேலையும் வந்துவிடும்.

மேட்டில் இருக்கும் ஊர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால், அந்த 50 கிலோமீட்டருக்குள் சாலை ஒரு மேட்டில் ஏறிவிடுகிறது. கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். மைசூர் பீடபூமியின் விளிம்பு இது. அதனால்தான், சென்னையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும் ஜனவரி இரவில் ஓசூரில் இரண்டு போர்வை தேவைப்படுகிறது. சில அதிகாலைகளில் குளிர் 15 டிகிரிக்கும் கீழே போய்விடும். பக்கத்திலிருக்கும் தளிக்கு 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வந்ததும் இந்தக் குளிரால்தான்.

ஊரின் பெயரிலேயே எல்லைக் கதை இருக்கிறது. கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புது ஊர். பழைய கன்னடத்தில் 'ப' என்று தொடங்கிய பல சொற்கள் காலப்போக்கில் 'ஹ' ஆகிவிட்டன. நம் பால் அங்கே 'ஹாலு', நம் பல் அங்கே 'ஹல்லு'. அந்தக் கணக்கில் 'பொச' என்பது 'ஹொச' ஆனது. நம்மூர் புத்தூரும் அந்த ஹொசூரும் பொருளில் ஒன்றுதான்.

தருமபுரியிலிருந்து பிரிந்து 2004-ல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் தெருக்கள் உண்டு. ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கில் திட்டுவார், அப்பா தமிழில் பதில் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா கன்னடத்தில் சமாதானம் செய்வார். ஆனால், குளிர்காலத்தில் மூன்று வீட்டு அடுப்பிலும் கொதிப்பது ஏறக்குறைய ஒரே குழம்பு!

ஒரே வயல்... ஒரே தட்டு!

களிக்கும் அவரைக்குழம்புக்கும் உள்ள உறவு சமையலறையில் தொடங்கியதல்ல, வயலில் தொடங்கியது.

இந்தப் பகுதியின் மானாவாரி நிலங்களில் ஆடி மழையை நம்பி ராகி விதைப்பார்கள். ராகி வரிசைகளுக்கு நடுவே, சில வரிசைகள் விட்டு அவரையும் துவரையும் போடுவது பழைய வழக்கம். கர்நாடகத்தில் இதை 'அக்கடி சாலு' என்பார்கள். கார்த்திகை, மார்கழியில் ராகி அறுவடை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வயலில் தனியாக நிற்கும் அவரைக்கொடி பூத்துக் காய்க்கும்.

அவரை ஏன் குளிர்காலத்தில் மட்டும் இப்படிக் கொட்டுகிறது? நாட்டு அவரை, பகல் பொழுது குறையும்போது பூக்கும் பயிர். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு பகல், இரவைவிடக் குறைந்துவிடுவது அதற்கு ஒரு சமிக்ஞை. மழை நின்ற பிறகும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தோடு, பனியையும் பிடித்துக்கொண்டு அது வளரும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் 'ஹெப்பால் அவரை' என்ற பெயரில் வெளியிட்ட ரகங்கள் பகல் அளவைப் பார்க்காமல் எல்லாப் பருவத்திலும் காய்ப்பவை. அதனால் இப்போது கோடையிலும் அவரை கிடைக்கிறது. ஆனாலும் மார்கழி அவரையின் ருசி வேறு என்பதில் எல்லைக்கு இரு பக்கமும் கருத்து வேறுபாடு கிடையாது.

காரணம், அந்த வாசனை. குளிர்கால அவரைக்காயின் தோலைத் தொட்டால் விரலில் லேசான பிசுபிசுப்பு ஒட்டும். அதிலிருந்து வரும் மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று தனிப் பெயரே உண்டு. காய் வாங்குகிறவர்கள் அதை உடைத்துப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பதுதான் அதிகம். மணம் தூக்கலாக இருந்தால் கொட்டையும் நன்றாக இருக்கும் என்பது கணக்கு.

எல்லை தாண்டி சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவில் இந்தக் காய்க்கென்று திருவிழாவே நடக்கிறது. வி.வி.புரம் பகுதியில் ஜனவரி வாக்கில் நடக்கும் அவரை மேளாவில் தோசை, உப்புமாவில் தொடங்கி ஜிலேபி வரை அவரையில் செய்து விற்பார்கள். ஓசூரில் அப்படி மேடை போட்டு விழா இல்லை. வீட்டுத் திண்ணைதான் விழா மேடை.

பிதுக்க வாங்க!

அவரைக்காயை உரித்தால் கொட்டை கிடைக்கும். அதை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் உப்பிக்கொள்ளும். காலையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், பருப்பு 'சளக்'கென்று வெளியே பாயும். பிதுக்கி எடுப்பதால் பிதுக்கம்பருப்பு. தெலுங்கில் 'பிதிகின பப்பு', கன்னடத்தில் 'ஹிதகபேளே'. மூன்றுக்கும் ஒரே பொருள்தான். 'ப', 'ஹ' ஆன கதை இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

இது தனியாளாகச் செய்யும் வேலை அல்ல. நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு நூற்றுக்கணக்கான கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும். ஒருவரே உட்கார்ந்தால் விரல் வலித்துவிடும். நாலு பேர் உட்கார்ந்தால் பேச்சு சுவாரஸ்யத்தில் வேலை முடிந்ததே தெரியாது. முதல் நாள் ராத்திரி டி.வி முன்னால் தாத்தாவும் அப்பாவும் காய் உரிப்பார்கள். காலையில் வெயில் விழும் வாசலில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பிதுக்குவார்கள். பருப்பைக் குறி பார்த்து ஒருவர் மேல் ஒருவர் பாயவிடும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு விழும் திட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

மெஷினில் தோல் நீக்கிய பருப்பு கடைகளில் பாக்கெட்டிலும் வந்துவிட்டது. அவசரத்துக்கு உதவும். ஆனால், தோலோடு சேர்த்து அந்தக் காலை நேரப் பேச்சையும் அது கழற்றிவிடுகிறது.

பிதுக்கம்பருப்பு குழம்பு (4 பேருக்கு)

தேவையானவை: பச்சை அவரைக்கொட்டை - 2 கப், சின்ன வெங்காயம் - 15, தக்காளி - 2, பூண்டு - 6 பல், இஞ்சி - சிறு துண்டு, காய்ந்த மிளகாய் - 5 அல்லது 6, தனியா - 2 டீஸ்பூன், தேங்காய்த்துருவல் - அரை கப், பொட்டுக்கடலை - 1 டேபிள்ஸ்பூன், பட்டை - சிறு துண்டு, கிராம்பு - 2, மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன், கொத்தமல்லித்தழை - ஒரு கைப்பிடி, கடுகு, கறிவேப்பிலை, எண்ணெய், உப்பு - தேவைக்கு.

செய்முறை: அவரைக்கொட்டையை 8 மணி நேரம் ஊறவைத்துப் பிதுக்கிக்கொள்ளுங்கள். கடாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டு தனியா, மிளகாய், பட்டை, கிராம்பு, பூண்டு, இஞ்சி, பாதி வெங்காயம் ஆகியவற்றை வாசம் வரும் வரை வதக்குங்கள். தேங்காய், பொட்டுக்கடலை, கொத்தமல்லித்தழை சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி, ஆறியதும் மைய அரையுங்கள். பாத்திரத்தில் எண்ணெய் விட்டு கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மீதி வெங்காயம், தக்காளியை வதக்குங்கள். பிதுக்கிய பருப்பு, மஞ்சள்தூள் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டி, பருப்பு மூழ்கும் அளவுக்கு மேல் தண்ணீர் விட்டு மூடி வேகவிடுங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் பருப்பு மெத்தென்று வெந்துவிடும். அரைத்த விழுது, உப்பு சேர்த்து, பச்சை வாசனை போய் எண்ணெய் மிதக்கும் வரை கொதிக்கவிட்டு இறக்குங்கள்.

கவனிக்க: தோல் இல்லாத பருப்பு என்பதால் குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். திறந்த பாத்திரமே நல்லது. அதே நேரம், பருப்பு அரைவேக்காடாக இருக்கக் கூடாது. விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். குழம்பு ஆற ஆற கெட்டியாகும். அதனால் இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

களி கிண்ட இரண்டு பேர்

குழம்பு தயார். அதற்குத் துணை, ராகி களி. தமிழில் களி, தெலுங்கில் சங்கட்டி, கன்னடத்தில் முத்தே. கன்னடத்து முத்தேயில் பெரும்பாலும் ராகி மாவு மட்டும் இருக்கும். தமிழ், தெலுங்கு வீடுகளில் கொஞ்சம் நொய்யரிசியை வேகவைத்து அதன் மேல் மாவைப் போடுவார்கள். மூன்றையும் மெல்லுவதில்லை. கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும்.

ராகி இந்த மண்ணில் பிறந்த தானியம் அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா வந்து சேர்ந்தது. ஆனால், இந்தப் பீடபூமியின் செம்மண்ணோடு அது ஒட்டிக்கொண்ட விதத்துக்கு இலக்கியமே சாட்சி. 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்த கனகதாசர் கன்னடத்தில் 'ராமதான்ய சரித்திரை' என்று ஒரு காவியம் எழுதினார். அதில் ராகிக்கும் நெல்லுக்கும் யார் உசத்தி என்று சண்டை வருகிறது. ராமர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் அடைத்துவைக்கிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நெல் வாடிவிட்டது, ராகி அப்படியே இருக்கிறது. ஜெயித்தது ராகிதான். எளிய மக்களின் உணவை உயர்த்திச் சொன்ன கதை இது.

கதையில் விவசாயிகளின் அனுபவமும் இருக்கிறது. நன்றாகக் காயவைத்த ராகியைப் பூச்சி சுலபமாக அண்டாது. மண்ணில் குழி வெட்டி, வருடக் கணக்கில் ராகியைச் சேமித்து, பஞ்ச காலத்தில் எடுத்துச் சாப்பிட்ட பகுதி இது.

அந்த ஆப்பிரிக்க உறவு பிற்காலத்திலும் கைகொடுத்தது. கர்நாடகத்தின் மண்டியாவில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி, இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலப்பு செய்து அதிக விளைச்சல் தரும் ரகங்களை உருவாக்கினார். இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்த்து 'இண்டாஃப்' என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. 'ராகி லட்சுமணய்யா' என்பது அவருக்கு மக்கள் வைத்த பெயர்.

ராகி களி (4 பேருக்கு)

தேவையானவை: ராகி மாவு - 2 கப், நொய்யரிசி - கால் கப், தண்ணீர் - 5 கப், உப்பு - சிறிது.

செய்முறை: அடி கனமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்பும் கழுவிய நொய்யும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அதிலிருந்து ஒரு கப் கொதிநீரைத் தனியே எடுத்துவையுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிளறாதீர்கள். களிக்கட்டையின் காம்பால் மாவின் நடுவே ஒரு குழி போட்டு, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். குழி வழியே தண்ணீர் கொப்பளித்து மேலே வந்து மாவை வேகவைக்கும். பிறகு பாத்திரத்தைக் கீழே இறக்கி, ஒருவர் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கட்டையால் வேகமாகக் கிண்ட வேண்டும். கெட்டியாக இருந்தால் எடுத்துவைத்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கட்டி இல்லாமல் திரண்டதும் மூடி, மிகச் சிறு தீயில் 3 நிமிடம் வைத்து இறக்குங்கள். தண்ணீர் தொட்ட கையால் சூட்டோடு உருண்டை பிடியுங்கள்.

பதம் பார்ப்பது எப்படி? ஈரக் கையால் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மாவு இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

களியில் கஷ்டமே அந்தக் கிண்டல்தான். ஒருவர் பிடிக்க, ஒருவர் கிண்ட என இரண்டு பேர் தேவை. பல வீடுகளில் களி குறைந்துபோனதற்கு முக்கியக் காரணமும் இதுதான். பாட்டிக்குத் தோள் வலி, அம்மாவுக்கு ஷிப்ட், பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. இந்த இடத்தில்தான் வீட்டு ஆண்கள் உள்ளே வர வேண்டும். தொழிற்சாலையில் நாள் முழுக்க ஸ்பேனர் பிடிக்கும் கைக்கு களிக்கட்டை ஒரு பாரமா என்ன?

கொள்ளுக்கும் ஒரு நாள்

தினமும் அவரையே வைத்தால் அலுத்துவிடும். அதற்குத்தான் கொள்ளு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பையூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'பையூர் 1', 'பையூர் 2' என்ற கொள்ளு ரகங்கள் அங்கிருந்து வந்தவை. வறண்ட நிலத்துக்கும் இந்தக் குளிருக்கும் தோதான பயிர் கொள்ளு.

செய்வது சுலபம். அரை கப் கொள்ளை வெறும் கடாயில் வறுத்து, ஊறவைத்து, குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். வடித்த தண்ணீரில் புளி, தக்காளி, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு போட்டு நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். மீதியிருக்கும் கொள்ளை வெங்காயம், மிளகாயோடு வதக்கிக் கடைந்தால் களிக்குத் தொடுகறி. ஒரே வேகவைப்பில் இரண்டு பதார்த்தம். கர்நாடகத்து 'பஸ்ஸாரு'வும் இதே யோசனையில் பிறந்ததுதான். கீரையும் பருப்பும் வெந்த தண்ணீரை வடித்து அதில் சாறு, மீதியில் பொரியல்.

மூன்று ஷிப்ட்... ஒரு அடுப்பு

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் கடிகாரம் மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம், மின்னணு உதிரிபாகம் என்று இங்கே தயாராகாத பொருள் குறைவு. ஊர் வளர்ந்து 2019-ல் மாநகராட்சியும் ஆனது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஒற்றை அறைகளிலும் விடுதிகளிலும் நிறைந்திருக்கிறார்கள்.

ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. கணவருக்குக் காலை ஷிப்ட், மனைவிக்கு மதிய ஷிப்ட் என்றால், ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்பியிருப்பார். சாப்பாடு ஹாட்பாக்ஸில் காத்திருக்கும். ஒரே வீட்டில் இருந்தும், வாரக்கணக்கில் சேர்ந்து சாப்பிடாத குடும்பங்கள் இங்கே அதிசயம் அல்ல. பிள்ளைகள் அம்மாவோடு ஒரு வாரமும் அப்பாவோடு ஒரு வாரமும் சாப்பிடுகிறார்கள்.

அதனால்தான் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவு மதிப்பு. பிதுக்கம்பருப்பும் களியும் அவசரத்துக்கு ஆகாத சமையல். பல கைகள் கேட்கும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டாக வேண்டும். ஆறிப்போன களியை யாருக்கும் எடுத்துவைக்க முடியாது, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்தச் சாப்பாட்டின் அசௌகரியமே குடும்பத்தை ஒரு பாயில் உட்காரவைக்கிறது.

வார நாள்களிலும் இதைக் கைவிட வேண்டியதில்லை. வேலையைப் பிரித்துக்கொண்டால் போதும்:

* ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் காய் உரித்து, கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கி, ஈரம் துடைத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது நேரடியாகக் குழம்பில் சேர்க்கலாம்.

* அரைத்த மசாலா விழுதும் ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று நாள் தாங்கும். முதலில் வீட்டுக்கு வருகிறவர் குழம்பைக் கூட்ட, அடுத்து வருகிறவர் களி கிண்டலாம்.

* இரண்டு பேருக்கு மட்டும் என்றால் நொய் இல்லாமல் செய்யுங்கள். கால் கப் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ராகி மாவைக் கரைத்து, கொதிக்கும் இரண்டு கப் தண்ணீரில் விட்டு, கஞ்சி பதம் வந்ததும் ஒரு கப் மாவைக் கொட்டி மூடி வேகவைத்துக் கிண்டினால் கட்டி விழாது.

* மிஞ்சிய களியை உருண்டையாகத் தண்ணீரில் போட்டுவைத்து, மறுநாள் காலை மோர், சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் கூழ். குளிருக்கு மோர் வேண்டாம் என்பவர்கள் மிளகு, சீரகம் தட்டிப்போட்டுச் சூடாக்கிக் குடிக்கலாம்.

* ஒற்றை அடுப்பு மட்டும் இருக்கும் அறைவாசிகளுக்கு, மேலே சொன்ன கொள்ளு ரசமும் ஒரு டம்ளர் ராகி கஞ்சியுமே போதும். அறைத் தோழர்கள் நாலு பேர் சேர்ந்தால் பிதுக்கம்பருப்பும் சாத்தியம். தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்கப் பொது மொழி தேவையில்லை.

தட்டுக்குப் பின்னால் ஒரு காவல்

இந்தத் தட்டு இப்படியே நிலைக்குமா என்பது வயலைப் பொறுத்தது. ராகி கதிர் முற்றும் நேரமும் யானைகள் வரும் நேரமும் ஒன்று. ஒவ்வொரு வருடமும் அக்டோபர், நவம்பர் வாக்கில் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் காட்டுப் பகுதிகளுக்குள் வருகின்றன. யானைகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகப் பழகிய பாதை. இங்கிருக்கும் காடுகளில் ஒரு பகுதியை 2022 நவம்பரில் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்ததும் அந்தக் காட்டுத் தொடர்ச்சியைக் காப்பாற்றத்தான்.

ஆனால், காட்டோரம் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு அந்த இரண்டு மாதம் தூக்கம் கிடையாது. பனியில் பரண் மேல் உட்கார்ந்து, தீ மூட்டி, விடிய விடியக் காவல் இருக்க வேண்டும். ஒரு ராத்திரி அசந்தால் வருட உழைப்பு போய்விடும். சில வருடங்களில் உயிரும் போகிறது. போதாக்குறைக்கு நிலங்கள் மனைகளாகவும் தொழிற்கூடங்களாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. மீதியிருக்கும் நிலத்திலும் ராகியைவிட தக்காளியும் ரோஜாவும் கையில் காசு தருகின்றன.

ராகிக்கு ஆதரவான மாற்றங்களும் நடக்கின்றன. 2023-ம் ஆண்டை ஐ.நா சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில், அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதற்கான ராகியை விவசாயிகளிடமிருந்து அரசே நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. மத்திய அரசு அறிவித்த ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2023-24 பருவத்தில் குவிண்டாலுக்கு 3,846 ரூபாயாக இருந்தது. 2025-26 பருவத்துக்கு அது 4,886 ரூபாய். விலை கிடைத்தால்தான் விதைப்பார்கள். விதைத்தால்தான் அதன் நடுவே அவரையும் வரும்.

நல்லதுதான்... ஆனால் அளவு முக்கியம்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாலிஷ் செய்த அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் ராகியில் 11 கிராம் அளவுக்கு உண்டு. செரிக்க நேரம் எடுப்பதால் நீண்ட நேரம் பசிக்காது. இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

அதே நேரம், 'ராகி சாப்பிட்டால் சுகர் ஏறாது' என்று நம்பி மூன்று உருண்டை சாப்பிடக் கூடாது. 100 கிராம் ராகியில் சுமார் 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நன்றாக அரைத்த மாவில் செய்த களியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை நோயாளிகள் ஒரு சின்ன உருண்டையும் நிறைய குழம்பு, கீரையும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வாயுத் தொல்லை உள்ளவர்கள் அவரையை ராத்திரியில் தவிர்த்து மதியம் சாப்பிடலாம். குழம்பில் இஞ்சி, பூண்டு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே ராகியையும் பயறு வகைகளையும் அதிகம் சேர்க்க வேண்டும்.

பனி விலகும் வரை...

மாசி பிறந்தால் வெயில் ஏறிவிடும். அவரையின் வாசனை குறையும், காய் முற்றிப் பயறாகிவிடும். ஆக, கையில் இருப்பது சில ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

இந்த வாரம் சந்தைக்குப் போனால் இரண்டு கிலோ அவரைக்காய் வாங்கி வாருங்கள். உரிக்க தாத்தாவையும், பிதுக்கப் பிள்ளைகளையும், பாத்திரம் பிடிக்க வீட்டுக்காரரையும் உட்காரவையுங்கள். பாட்டி இருந்தால் அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். குழி எங்கே போடுவது, தண்ணீர் எப்போது வடிப்பது, கட்டையை எந்தப் பக்கம் சுழற்றுவது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை, அவர் கையில்தான் இருக்கிறது. பேத்தி மட்டுமல்ல, பேரனும் பக்கத்தில் நின்று ஒருமுறை கட்டையைப் பிடித்துப் பார்க்கட்டும்.

திங்கள்கிழமை காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்கு முன் ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஆவி பறக்கும் களியைக் கிள்ளிக் குழம்பில் புரட்டிச் சாப்பிட்டுவிடுங்கள்!